பின்வண்டி

சேக் பரீதின் ஜீப்பில் ஏறியவர்களுக்கெல்லாம் ஒரு சந்தேகம் வரும். பின்னால் வண்டியே வராதபோது இந்த மனிதர் ஏன் வளைவுக்கு வளைவு நிறுத்தித் திரும்பிப் பார்க்கிறார்? கேட்டால் எரிந்து விழுவார்.

அறுபத்தொன்றாம் வருடம் கொடைக்கானல் ஜீப் கிளப்காரர்கள் ஐந்து வண்டிகளில் காட்டுப் பாதை வழியாகப் பூண்டிக்குப் போனார்கள். ஒவ்வொரு வளைவிலும் பின்வண்டி கண்ணில் படும்வரை நின்றுதான் போக வேண்டும் என்பது கிளப்பின் சட்டம். நான்காவது வண்டி பரீதுடையது. பெட்ரோல் டின்கள் ஏற்றிய கடைசி வண்டியை அவருடைய பத்து வருடச் சிநேகிதர் ஞானவேல் தனியாக ஓட்டி வந்தார். யார் முன்னால் போவது என்று காலையில்தான் இருவருக்கும் வாய்ச்சண்டை.

மழையில் சேறாகிக் கிடந்த ஒரு வளைவில் பரீது திரும்பிப் பார்த்தார். ஞானவேலைக் காணோம்.

"கெடக்கட்டும், பெரிய டிரைவரு" என்று முணுமுணுத்துவிட்டு வண்டியை விட்டார். பூண்டியில் கேட்டவர்களிடம், "வந்துக்கிட்டிருக்கான்" என்றார்.

சாப்பாடு முடிந்தும் ஞானவேல் வராததால், மனசு கேட்காமல் பரீது திரும்பிப் போனார். அந்த வளைவுக்குச் சற்றுக் கீழே, சக்கரம் புதைந்த ஜீப்பின் பக்கத்தில், ஞானவேல் நனைந்து நடுங்கியபடி உட்கார்ந்திருந்தார்.

"ஏலே, நடந்தாவது வந்திருக்கலாம்ல?" என்று கேட்டார் பரீது.

உள்ளதைச் சொல்ல பரீதுக்கு அன்றைக்கும் வாய் வரவில்லை, ஞானவேல் ஜீப்பை விற்றுவிட்டு ஆயக்குடிக்குக் கொய்யா வியாபாரத்துக்குப் போன அன்றைக்கும் வரவில்லை. ஞானவேல் சொன்ன பதில் அப்படி.

"முன்னாடி போறது நீதானே மாப்ளே. இப்ப வந்துருவ, இப்ப வந்துருவன்னு உக்காந்துட்டேன்."