கடலைப் பூட்டியவர் என் கடைக்கு வந்த நாள்

லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் எனக்கு இரண்டு கடை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான்; இப்போது எனக்குக் கணக்குப் பார்ப்பவன் யூனிவர்சிட்டி படித்தவன். இதைச் சொல்லாமல் நான் எந்தக் கதையும் தொடங்குவதில்லை.

போன கோடையில் ஒரு சனிக்கிழமை காலை, பெரிய கடையின் மீன் ஃப்ரீசர் நின்றுவிட்டது. உள்ளே அறுக்குளா, பாரை, விளைமீன், இறால் என்று அந்தக் கிழமைச் சரக்கு முழுவதும் கிடந்தது. மத்தியானத்துக்குள் ஓடாவிட்டால் அவ்வளவும் குப்பைக்கு. வழக்கமாகத் திருத்துபவன் விடுமுறையில். வேறு ஒருவரைப் பிடித்தோம். ஐம்பது தாண்டிய சிங்களவர். வாயைத் திறந்தால் எங்கள் பக்கத் தமிழ்!

"தமிழ் எங்க பழகினனீர், தம்பி?"

"காரைநகர், ஐயா. நேவியில இருந்தனான்."

என் மனிசி என்னைக் கடையின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "இஞ்சருங்கோ, வாயை வச்சுக்கொண்டு சும்மா இருங்கோ. முதல்ல அந்த மனுசன் திருத்தட்டும். கோவிச்சுக்கொண்டு போனாரெண்டால் இவ்வளவு மீனையும் நீங்களே இருந்து தின்னுங்கோ."

அவள் சொன்னது சரிதான். ஆனால், யாழ்ப்பாணத்துக்குச் சவர்க்காரம், டோர்ச் பற்றரி, மண்ணெண்ணெய் எல்லாம் தடை என்று அந்த நேவி கடலை மறித்து நின்ற சண்டைக் காலத்தில், அக்கரையிலிருந்து, இந்தியாவிலிருந்து, வள்ளத்தில் அவற்றைக் கொண்டுவந்தவன் நான். ஒருக்காலும் பிடிபடவில்லை. லண்டனில் நான் போன கலியாண வீடு எல்லாவற்றிலும் இதைச் சொல்லியிருக்கிறேன். அவர்களுடைய கப்பலிலிருந்து பார்த்தால் நாங்கள் எப்படித் தெரிந்திருப்போம் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. அது தெரிந்த மனிதர் இப்போது என் ஃப்ரீசருக்குப் பின்னால் தலையை விட்டபடி கிடக்கிறார்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"தம்பி, உங்கட ரேடாரில எங்கட சின்ன வள்ளங்கள் தெரியுமோ?"

ஸ்பானர் சத்தம் நின்றது. மனிதர் வெளியே வந்து நிலத்தில் குந்திக்கொண்டு கையைத் துடைத்தார். கல்லாவில் நின்ற மனிசி தலையில் அடித்துக்கொண்டாள்.

"கடல் அடிச்சா தெரியாது, ஐயா. அலையும் வள்ளமும் ஒரே மாதிரிப் புள்ளிதான். நீங்க ஓட்டினீங்களா?"

"ஓம். என்னை மாதிரி ஒரு ஓட்டி அந்தக் கரையிலயே இல்லை."

"அப்ப காத்தும் நல்லா உதவி செஞ்சிருக்கு" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. அதற்குள் அவர் கேட்டார்: "பெட்ரோல் நாங்க விடல்லையே. கரையில மோட்டர் சைக்கிள் ஓடுறதை பைனாகுலர்ல பார்ப்பம். அது எப்பிடி ஓடினது? எங்களுக்குள்ள பந்தயமே நடந்தது."

"கார்புரேட்டருக்குள்ள ரெண்டு சொட்டுப் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் பண்ணுறது. பிறகு மண்ணெண்ணெயில ஓடும்."

"மண்ணெண்ணெயா!" தொடையில் அடித்துச் சிரித்தார். "நான் தோத்திட்டன், ஐயா." பிறகு, "முகாமுக்குள்ள எங்களுக்கும் கடல் மட்டும்தானே வழி. சப்ளைக் கப்பல் வராட்டி வெறும் பருப்புத்தான்" என்றார்.

கடலைப் பூட்டினவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள் என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இன்னும் கேட்க வாயெடுத்தேன்.

"மீன்!" என்று கல்லாவிலிருந்து ஒரு கத்தல். அவர் திரும்பவும் உள்ளே போனார். கம்பிரசரைத் தொடக்கிவிடுகிற பாகம் செத்துவிட்டதாம். கூல்ட்ரிங்ஸ் ஃப்ரிட்ஜிலிருந்து அதே சாமானைக் கழற்றி இதில் பூட்டினார். ஃப்ரீசர் உறுமத் தொடங்கியது.

"இனி என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ" என்றாள் மனிசி.

முதலில் கேட்கத் துணியாததைக் கேட்டேன். "வள்ளங்களுக்குச் சுட்டனீரோ?"

அவர் முகத்தைத் திருப்பவில்லை. "சுட்டிருக்கிறன், ஐயா. இருட்டு. உள்ளுக்கு ஆர் எண்டு தெரியாது." ஸ்பானரைப் பைக்குள் போட்டுவிட்டு, "நீங்க எந்தப் பக்கத்தால வந்தீங்க?" என்றார்.

ஃப்ரீசரின் கண்ணாடி மூடியில் மெல்லப் பனி படிந்திருந்தது. நான் விரலால் தீவுகளைக் கீறி, அக்கரையிலிருந்து என் பாதையை இழுத்தேன். அவர் எதிர்ப்பக்கமாய் நின்று தன் கப்பலின் பாதையை இழுத்துவந்தார். இரண்டு கோடும் கிட்டக் கிட்ட வந்தன. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பெண் மீன் எடுக்க வந்து மூடியில் கையை வைத்தார்.

"பொறுங்கோ, அக்கா!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.