ஹயாத் பாஷா பெரிதாக்கிய துளை

செங்கல்பட்டில் ஹயாத் பாஷாவின் கை பட்டால் செத்த இஞ்சினும் இருமும் என்பார்கள். அதெல்லாம் 1954 வரைக்கும்தான். அதற்குப் பிறகு அவர் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினார். லாரி டிரைவர் யாராவது வந்து நின்றால், "வேற ஆளப் பாரு" என்பதோடு சரி.

தங்கை ஷரீபுன்னிசாவை மாமல்லபுரத்தில் முனீருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். முனீரிடம் உலகச் சண்டைக் காலத்து டீசல் லாரி ஒன்று இருந்தது. கடலோரத் தோப்புகளில் வெட்டிய சவுக்குக் கட்டைகளைப் பட்டணத்து விறகுத் தொட்டிக் கடைகளுக்கு ஏற்றிப்போகும். அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததே அதனால்தான். அதை விட்டால் நிலமும் கிடையாது, கடையும் கிடையாது.

அந்த வருஷம் இஞ்சினின் தலைப்பக்கம் காய ஆரம்பித்தது. அடியில் இருக்கும் பம்பு எண்ணெயைக் கீழே சுழலும் கிராங்குக்கும் கொடுக்கவேண்டும், மேலே வால்வுகளைத் தட்டும் ராக்கருக்கும் அனுப்பவேண்டும். மேலே போகிற வழி உள்ளுக்குள்ளேயே அடைத்துக்கொண்டது. பாஷா கம்பி விட்டுக் குத்திப் பார்த்தார், அசையவில்லை. புதுச் சாமான் வாங்கலாமென்றால், அந்த இஞ்சினைச் செய்தவர்களே அதை மறந்து பல வருஷம் ஆகியிருந்தது.

கடைசியில் செப்புக் குழாய் ஒன்றை வளைத்து, இஞ்சினுக்கு வெளியாலேயே எண்ணெய் மேலேற வழி செய்தார். அழகான வேலை. குழாயின் வாயில் பித்தளை அடைப்பு வைத்து, அதில் ஊசி நுழையும் அளவுக்குத் துளை போட்டார்.

"மேல சொட்டுனா போதும் மாப்ளே. மேல கொட்டுனா கீழ காஞ்சிடும்" என்று முனீரிடம் சொல்லியும் வைத்தார்.

லாரி ஓடியது. ஆனால் டக் டக்கென்று மேலே கேட்ட சத்தம் நிற்கவில்லை. தேய்ந்த ராக்கர் எத்தனை எண்ணெய் கொடுத்தாலும் தட்டத்தான் செய்யும். முனீருக்கு அது விளங்கவில்லை. அடுத்த வாரமே பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்துவிட்டான்.

"இன்னா மச்சான், எண்ணெய்ய பிச்ச போடுற மாதிரி வுட்டுகினு கீது?"

"சத்தம் தேய்மானத்துல வருது மாப்ளே. ஓட வுடு."

"இவுரு தெனம் பயந்துகினே போறாரு அண்ணே" என்றாள் ஷரீபுன்னிசா. "சூடு ஏறுன தலைக்கு ரெண்டு கை எண்ணெ வெச்சாத்தானே அடங்குது? கொஞ்சம் தாராளமா வுடேன்."

வேலை தெரிந்தால் மட்டும் போதாது, முடியாது என்று சொல்லவும் தெரியவேண்டும். பாஷாவுக்கு ஊருக்கே அதைச் சொல்ல வரும், தங்கையிடம் மட்டும் வராது. தாய் இல்லாமல் அவர் தலை வாரிவிட்டு வளர்த்த பெண். அடைப்பைக் கழற்றினார், துளையைப் பெரிதாக்கினார்.

சத்தம் பாதியாக அடங்கியது. முனீருக்கு வாயெல்லாம் பல். எண்ணெய் அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் மட்டும் முன்னைவிடக் கீழே இறங்கி நின்றது. பாஷா கண்ணாடியைச் சுண்டிப் பார்த்து, "பழைய மீட்டர்" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பிற்பாடு அதை நினைக்கும்போதெல்லாம் அந்த விரலை வெட்டிப் போடவேண்டும் போலிருக்கும் அவருக்கு.

பதினோராம் நாள். சித்திரை வெயில், முழு லோடு. பரனூர் தாண்டுவதற்குள், கீழே எண்ணெய் பற்றாமல் பேரிங் எரிந்து, கனெக்டிங் ராடு முறிந்து இஞ்சினின் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. மாடு கட்டித்தான் வண்டியை ஷெட்டுக்கு இழுத்துவந்தார்கள். பட்டணத்தில் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகள் முழுக்க அலைந்தும் அதற்கு மாற்று இஞ்சின் கிடைக்கவில்லை. இத்தனை வருஷம் சொந்த வண்டி ஓட்டிய முனீர், வேறொருவர் லாரிக்குக் கிளீனராகப் போனான். "எங்க நசீபு மச்சான்" என்று விதியின் மேல் போட்டானே தவிர, குறையாக ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் பாஷாவுக்குக் கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

பழைய இரும்புக்காரன் இஞ்சினை எடுத்துப்போக வரும் நாளன்று ஷரீபுன்னிசா வந்தாள். ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்றாள். பாஷா இஞ்சினின் மேல்மூடியைத் திறந்தார். உள்ளே ராக்கரெல்லாம் எண்ணெயில் முழுகிப் பளபளத்தது. அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எண்ணெ இவ்ளோ கீதே அண்ணே, அப்புறம் இன்னாத்துக்கு எரிஞ்சிது?"

குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். காரணத்தைச் சொன்னால், 'நான் கேட்டதாலதானா?' என்று அடுத்த கேள்வி வரும். பாஷா மூடியை எடுத்து வைத்து, உடைக்கப் போகிற இஞ்சினுக்கு ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கிக்கொண்டிருந்தார்.