வீட்டுக்காரர் குளிக்கும் நேரம்

குளியலறைத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டதும் கர்ட்டன் அக்கா அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, கூடத்து மேஜையில் கிடக்கும் தன் வீட்டுக்காரரின் போனை எடுத்துக்கொள்வார். உள்ளே தண்ணீர் விழும். கொஞ்ச நேரத்தில் பாட்டும் கிளம்பும். பாட்டு கிளம்பிவிட்டால் பயமில்லை. எடுத்த பாட்டை முடிக்காமல் வெளியே வருகிற ஆள் இல்லை அவர். அக்கா சமையலறை முக்காலியில் உட்கார்ந்து, போனின் சத்தத்தை அடைத்துவிட்டு வேலையை ஆரம்பிப்பார்.

வேலை என்றுதான் சொல்ல வேண்டும். ஒருவன் அழுக்குக் கம்பளத்தை விரித்து நுரை போட்டுத் தேய்க்கிறான். அக்கா கடைசிவரை பார்ப்பார். நாய்க்குட்டி ஒன்று குளிக்கத் தொட்டியில் இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது, அதையும் பார்ப்பார். சாப்பிடும்போதே தூங்கி விழுகிற குழந்தையை இரண்டு தடவை பார்ப்பார். கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிற கட்சிக்காரர் யாராவது வந்தால் மட்டும் கரப்பான் பூச்சியை ஒதுக்குகிற மாதிரி கட்டைவிரலால் தள்ளிவிடுவார். இந்த வயதில் இப்படி ஒரு பைத்தியமா என்று யாரும் நினைக்க வேண்டாம். கம்பளம் கழுவுவதில் அக்காவுக்கு ஆர்வம் கிடையாது. முதல் வாரத்திலாவது கிடையாது.

கர்ட்டன் அக்கா என்பது கடையில் வைத்த பெயர். பெரிய துணிக்கடையின் கீழ்த்தளத்தில், கர்ட்டனும் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் விற்கிற மூலை அவருடைய ராஜ்ஜியம். வருகிறவர்கள் வாயால் ஒன்று கேட்பார்கள், கண்ணால் ஒன்று கேட்பார்கள். "சாதாரணமா, வெள்ளையா இருந்தா போதும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஓர் அம்மாவின் கண், ஓரத்தில் தொங்குகிற சிவப்புப் பூப்போட்டதில் ஒரு நொடி நிற்கும். அக்கா மரியாதைக்கு ஒரு வெள்ளையை எடுத்துப் போடுவார். அடுத்தது சிவப்பு. அதற்கடுத்தது இன்னும் சிவப்பு. புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு அவர் சொல்லிக்கொடுப்பதும் அதுதான்: "வாய் பொய் சொல்லும்டி. கண்ணு எங்க நிக்குதோ அதுக்குப் பக்கத்துத் துணிய எடுத்து விரி. விரிச்சத மடிக்காத." மேஜையில் துணி குவியக் குவிய, அந்த அம்மாவுக்குத் தான் எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோகும்.

ஆனால் கத்தரியைக் கையில் எடுக்கும் முன் அக்கா துணியையும் ஆளையும் கடை வாசலுக்குக் கூட்டிப்போவார். பகல் வெளிச்சத்தில் துணியைத் தூக்கிப் பிடித்து, "வீட்டுச் சுவரு என்ன கலரு? கூட இருக்கிறவங்களுக்குப் பிடிக்குமா? யோசிச்சுச் சொல்லுங்கம்மா, வெட்டுனா ஒட்ட முடியாது" என்பார். கைக்கு வந்த வியாபாரம் இதனால் நழுவிப்போனதும் உண்டு. முதலாளி முறைப்பார். அக்கா கண்டுகொள்ள மாட்டார்.

இந்தக் கடைக்காரக் கண்ணோடுதான் ஒரு சாயங்காலம் வீட்டுக்காரரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று போனைப் பார்த்தார். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் கம்பிகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனிதருக்கு, வந்ததும் சாய்ந்து உட்கார்ந்து போனைத் தேய்த்தால்தான் களைப்பு தீரும். திரையில் ஒருவன் கத்தினான். விரல் நின்றது. அடுத்து வந்தவன் அவனைவிடக் கத்தினான். அங்கேயும் நின்றது. மூன்றாமவன் அழுதுகொண்டே கத்தினான். அக்காவுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. 'அட, போனுக்குள்ள இருந்து எடுத்து எடுத்து விரிக்கிறானே, இவன் நம்ம ஆளு!' சிவப்பு, இன்னும் சிவப்பு, அதைவிடச் சிவப்பு. வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிப்போகிற பழக்கம் மட்டும்தான் அவனிடம் இல்லை.

வீட்டுக்காரரிடம் சொல்லியும் பார்த்தார்.

"அவன் வெளிநாட்டுக் கம்பெனிடி. நம்ம ஊரு கட்சியெல்லாம் அவனுக்கு மாமனா மச்சானா? எவன் ஜெயிச்சா அவனுக்கென்ன? உள்ளத உள்ளபடி காட்டுறான்" என்றார் அவர்.

"எங்க முதலாளி வீட்டு ஜன்னல்ல ஒரு கர்ட்டன் கிடையாதுங்க. அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. அதுக்காகக் கடையில விக்காமயா இருக்கோம்?"

வீட்டுக்காரரின் விரல் அதற்குள் அடுத்த ஆளுக்குப் போய்விட்டிருந்தது.

மாடியில் தம்பி குடியிருக்காவிட்டால் இதெல்லாம் வேடிக்கையாகவே போயிருக்கும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் அக்காவின் கொழுந்தனார். அண்ணன் ஒரு கட்சி, தம்பி எதிர்க்கட்சி. ஓட்டுப் போடுகிற வயது வந்த நாள் முதல் அப்படித்தான். தேர்தல் வந்தால் மொட்டை மாடியில் உட்கார்ந்து தொண்டை கட்டுகிறவரை கத்திவிட்டு, ஒன்றாகக் கீழே இறங்கி வந்து சாப்பிடுவார்கள். இந்தத் தடவை சண்டை போனுக்குள் போய்விட்டது. தம்பியின் கட்சிக்காரர்கள் ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைப்பதாக ஒரு வீடியோ அண்ணனுக்கு வந்தது. உறவுக்காரர்கள் எல்லோரும் இருக்கிற குழுவில் அதைப் போட்டு, 'இந்த ரவுடிக் கும்பலோடதான் என் கூடப் பிறந்தவனும் சுத்துறான்' என்று கீழே எழுதினார். அது வேறு எந்த நாட்டிலோ எப்போதோ எடுத்தது என்று தம்பி பதில் போட்டார். கூடவே அண்ணன் கட்சியைப் பற்றி அதைவிட மோசமாக ஒன்று. கீழே ஒரு 'டிங்', மேலே ஒரு 'டிங்'. ஒரு மாடி ஏறிப்போக வேண்டிய கோபம் கடல் தாண்டிப் போய்ச் சுற்றிக்கொண்டு வந்தது. நடுவில் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள் எல்லாம் ஆளுக்கொரு பக்கம் நின்று கைதட்டினார்கள். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

பேச்சு நின்றால் வீட்டு வேலை நிற்குமா? தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் மாடியில் இருக்கிறது. முன்பெல்லாம் காலையில் கீழேயிருந்து "டேய், மோட்டார்!" என்று ஒரு குரல் போகும், தொட்டி நிரம்பும். இப்போது வீட்டுக்காரர் சுவரைப் பார்த்து, "மோட்டார் போடணும்னு யாராவது சொன்னா நல்லது" என்பார். யாராவது என்பது அக்கா. மாடியேறிப் போய்ச் சொன்னால் கொழுந்தனார் கதவைப் பார்த்து, "தண்ணி வேணும்னா வாய் இருக்கிறவங்க கேக்கலாமே அண்ணி" என்பார். சுவருக்கும் கதவுக்கும் நடுவில் அக்காவின் முழங்கால்தான் தேய்ந்தது.

ஒருநாள் அதே படியில் நிறுத்தித்தான் கொழுந்தனார் சொன்னார். "தேர்தல் முடிஞ்சதும் வேற வீடு பாத்துப் போறோம் அண்ணி. அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. 'போனா போறான்'னு சொல்லிட்டார்னா, அத என்னால காதால கேக்க முடியாது." வேன் சாவியை அலட்சியமாகச் சுழற்றிக்கொண்டுதான் சொன்னார், குரல்தான் கம்மிப்போனது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த அன்று, அரைக்கால் சட்டையோடு ஓடிவந்து கையிலிருந்த பையை வாங்கிக்கொண்ட பையன் அவர். கூடப் பிறந்த தம்பி இல்லையே என்று அக்கா அதற்குப் பிறகு நினைத்ததே இல்லை.

மறுநாள் காலையில்தான் முதன்முதலாக அந்தப் போனைக் கையில் எடுத்தார். 'கண்ணு நிக்கிற எடத்தப் பாத்துத்தானே விரிக்கிறான்? அப்ப கண்ண மாத்தி வைப்போம்.' கட்சியை மாற்றுகிற எண்ணமெல்லாம் அவருக்கு இல்லை. வீட்டுக்காரர் யாருக்கு வேண்டுமானாலும் ஓட்டுப் போடட்டும், தம்பியோடு பேசினால் போதும். ஒரு வீடியோவைப் பாதியில் விட்டால் அது கணக்கில் சேராது, முழுதாகப் பார்த்தால்தான் அடுத்த நாள் அதன் பங்காளிகள் வந்து நிற்பார்கள் என்று இரண்டு மூன்று நாளில் கற்றுக்கொண்டார். அந்தப் படிப்பில் பால் பொங்கி அடுப்பு நனைந்தது பல தடவை.

பலன் இல்லாமல் போகவில்லை. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்த வீட்டுக்காரர், "ஒரு ஆளு கம்பளம் கழுவுறான் பாரு, அந்த அழுக்குத் தண்ணி போறதப் பாத்தா மனசே லேசாயிடுது" என்றார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை விழுங்கினார். அடுத்த சில நாட்களில் வீட்டுக்காரர் நாய்க்குட்டியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். சாப்பாட்டில் குற்றம் சொல்வது குறைந்தது. தூக்கத்தில் பல்லைக் கடிப்பதும் நின்றது. எல்லாம் நடந்தது, ஆனால் மாடிக்கு மட்டும் அவர் போகவில்லை. கத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் இப்போது சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேர்தல் நெருங்க நெருங்க, எந்தக் கண்ணையும் கேட்காமல் காசு கொடுத்து நுழைகிற கட்சி விளம்பரங்களும் வரத் தொடங்கின. ஒன்றைத் தள்ளினால் அடுத்தது நின்றது. இந்தப் பக்கம் நான் ஒருத்தி, அந்தப் பக்கம் கடலளவு கடை என்று அக்காவுக்கு மலைப்பாக இருந்தது.

அக்கா பிடிபட்டதும் அந்த வாரத்தில்தான். ஒருநாள் காலை மோட்டார் போடச் சொல்லி மேலே போக வேண்டிய அக்காவே ஒரு கம்பளத்தில் மூழ்கிப்போனார். அவ்வளவு அழுக்குக் கம்பளத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை. தொட்டி வறண்டது, பாட்டு பாதியில் நின்றது. இடுப்பில் துண்டும் தலை நிறைய நுரையுமாக வீட்டுக்காரர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"தண்ணி நின்னு போச்சு... என்ன பண்ற நீ?"

"கம்பளம் பாக்குறேங்க."

"என் போன்லயா?"

பொய் சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். வீட்டுக்காரர் நுரையை வழிக்கக்கூடத் தோன்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தால், அடிபட்ட குழந்தையைப் போல முகம் சுருங்கிப்போனது.

"அப்ப நான் இத்தனை நாளா சிரிச்சதெல்லாம் நீ எடுத்து வச்சதா?"

"ஆமாங்க. தப்புதான். அந்தக் கம்பெனிக்காரன் செஞ்சதையேதான் நானும் உங்களுக்குத் தெரியாம செஞ்சேன்." அக்கா போனை அவரிடம் நீட்டினார். "ஆனா நீங்க கத்துனதெல்லாம் யாரு எடுத்து வச்சதுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

அவர் போனை வாங்கவில்லை. இனி மறைக்க என்ன இருக்கிறது என்று அக்கா கொழுந்தனாருக்குக் கொடுத்த வாக்கையும் அப்போதே உடைத்தார்.

"உங்க தம்பி வீட்ட காலி பண்ணப் போறாரு. ஓட்டுப் போட்ட கையோட."

"யாரு சொன்னா?"

"அவரேதான் சொன்னாரு."

வீட்டுக்காரர் திகைத்து நின்றார். "நாளெல்லாம் இதத்தானேடி பாத்துக்கிட்டிருக்கேன். ஊரு சேதி எல்லாம் வருதே. இது எனக்கு வரலையே."

"இது அதுல வராதுங்க" என்றார் அக்கா. சொல்லும்போதே அழுதுவிட்டார்.

வீட்டுக்காரர் அப்படியே திரும்பி நடந்தார். படியில் ஈரக் கால் ஏறுகிற சத்தம் கேட்டது. மாடிக் கதவு திறந்தது. உடனே வெடித்தது.

"எங்கடா போற? யாரக் கேட்டுடா போற?"

"உன்ன எதுக்குக் கேக்கணும்? ரவுடின்னு ஊருக்கே சொன்னவன்தானே நீ!"

"உன் கட்சிக்காரன் ரவுடிதான்டா!"

"உன் கட்சிக்காரன் மட்டும் யோக்கியனா? மொதல்ல அந்தச் சோப்பத் தொடைண்ணே, கண்ணுல எறங்குது!"

ஆஸ்பத்திரிக் கண்ணாடி வந்தது. போன தேர்தலும் அதற்கு முந்தைய தேர்தலும் வந்தன. ஒருவர் பேசும்போதே அடுத்தவர் பேசினார். நடுவில் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, உடனே இருவரும் முன்னைவிட உரக்கக் கத்தினார்கள். எதிர்வீட்டுக்காரம்மா கரண்டியும் கையுமாக ஓடிவந்தார்.

"என்னடி இது, மேல கொலை விழுந்துடும் போலிருக்கே! தள்ளு, நான் போய் விலக்கிவிடுறேன்."

"வேணாம்க்கா. பேசிக்கிட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, கர்ட்டன் அக்கா முதல் படியில் உட்கார்ந்து, ஒரு கையைச் சுவரிலும் ஒரு கையைக் கைப்பிடியிலும் நீட்டி வழியை அடைத்துக்கொண்டார்.