எஸ்றா வாத்தியாரின் கேலி ஒழிப்புச் சங்கம்

எழுபத்து நாலாம் வருஷம் தூத்துக்குடியில் ஒரு கூடை உப்பைத் திருடினால் பிடித்து உள்ளே போடச் சட்டம் இருந்தது. ஒரு பையனின் பேரைத் திருடினால் கேட்க நாதி இல்லை. இந்தக் குறையை அரசாங்கம் கவனிக்கும்வரை காத்திருக்க எஸ்றா வாத்தியாருக்குப் பொறுமை இல்லை. நாசரேத்துக்காரர், பூகோளமும் வேதபாடமும் நடத்துகிறவர், யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அவர்கள் பேரைச் சொல்லி ஜெபிக்காமல் காப்பி குடிக்கமாட்டார். ஆகவே பள்ளிக்கூடத்தில் கேலி ஒழிப்புச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார். தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் அவரே. சங்கத்தில் கருத்து வேற்றுமை வந்ததே கிடையாது.

முதல் வழக்கு சீக்கிரமே கிடைத்தது. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்து பள்ளிக்கூட போர்டிங்கில் தங்கி ஒன்பதாம் வகுப்பு படித்த அய்யாக்குட்டி, வீட்டு ஏக்கமோ என்னவோ, தூக்கத்தில் பாயை நனைத்துவிடுவான். பக்கத்துப் பாய்க்காரர்கள் மூன்று பேர் அவனுக்கு 'ஓட்டைத்தோணி' என்று பட்டம் சூட்டியிருந்தார்கள். ஒரு விதத்தில் கண்ணியமான பையன்கள். விஷயத்தைத் தங்களுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். அய்யாக்குட்டி வாத்தியாரிடம் வந்து அழுதான்.

"கவலப்படாதலே. நாளைக்கே தீத்து வைக்கேன்."

தீர்த்துவைத்தார். மறுநாள் காலைப் பிரார்த்தனையில், புதிதாக வாங்கிய ஒலிபெருக்கியின் முன் கண்ணை மூடி, இரு கைகளையும் உயர்த்தி உருகினார்: "கர்த்தாவே! ராத்திரியில் பாயை நனைக்கிற எங்கள் தம்பி அய்யாக்குட்டியை, ஓட்டைத்தோணி என்று அழைக்கிற மூன்று பேருடைய நாவையும் அடக்கியருளும்!"

மூன்று நாவும் அன்றே அடங்கின. அவற்றுக்கு இனி வேலை இல்லை. பள்ளிக்கூடம் முழுவதும் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. வெளியே மீன்கூடையோடு போன பெண்கள் காரணத்தை விட்டுவிட்டு, பேரை மட்டும் கடலோரத் திரேஸ்புரம் வரைக்கும் சுமந்து போனார்கள். அந்த வாரமே அய்யாக்குட்டி போர்டிங்கை விட்டுக் கிளம்பிவிட்டான்.

ஊருக்குத்தான் போயிருப்பான் என்று வாத்தியார் மனதைத் தேற்றிக்கொண்டார். பழைய துறைமுகத்தில் தோணிக்கு உப்பு மூட்டை ஏற்றுகிறான் என்று தெரிந்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. கையோடு கூட்டிவந்து பரீட்சை எழுதவைத்துவிட வேண்டும் என்று சைக்கிளை எடுத்தார்.

துறைமுகத்து டீக்கடை மாடக்கண்ணுவிடம் விசாரித்தார். "அண்ணாச்சி, அய்யாக்குட்டின்னு ஒரு பையன் இங்கன வேல பாக்கானா?"

"அப்படி ஒருத்தனும் இல்லையே, சார்வாள்."

"ஸ்ரீவைகுண்டத்துப் பையன். ஒல்லியா இருப்பான்."

"மூட்ட தூக்குத பய பின்ன தொந்தியோடயா இருப்பான்? பேரச் சரியாச் சொல்லுங்க."

வாத்தியார் சுற்றுமுற்றும் பார்த்தார். குனிந்து, மாடக்கண்ணுவின் காதோரமாக அந்தப் பேரைச் சொன்னார்.

"அட, நம்ம ஓட்டத்தோணியா! மொதல்லயே சொல்லப்படாதா? ஏலே ஓட்டத்தோணி! ஒன்னத் தேடி சாரு வந்திருக்காவ!"

கூப்பிட்ட உடனே திரும்பினான். முகம் கொஞ்சமும் சுளிக்கவில்லை. அதுதான் வாத்தியாரால் தாங்க முடியவில்லை.

"படிக்க வாலே. இந்தத் தடவ எல்லாப் பயலுக்கும் நானே எடுத்துச் சொல்லுதேன்."

பையன் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். உப்பு அரித்த கை சொரசொரவென்றிருந்தது. "சார், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், ஜெபம் மட்டும் பண்ணிராதீங்க. இங்கன பேரு மட்டுந்தான் தெரியும். ஏன் அந்தப் பேருன்னு ஒருத்தனுக்கும் தெரியாது." சொல்லிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் குருவானவர் ஜெப விண்ணப்பம் கேட்டபோது எஸ்றா வாத்தியார் வழக்கம்போல் முதலாவதாக எழுந்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார். அடுத்த ஞாயிறும் அப்படியே. கவலைப்பட்ட குருவானவர், சபை முழுவதும் கேட்க, "விசுவாசத்தில் தளர்ந்துபோன எஸ்றா வாத்தியாருக்காக ஜெபிப்போம்" என்றார்.

ஆராதனை முடிந்து படியிறங்கும்போது ஒரு பெண் குரல் காதில் விழுந்தது: "ஏளா, தள்ளி நில்லு. தளர்ந்த வாத்தியார் வாராரு."

சங்கத்தின் தலைவர் சற்று நின்றார். செயலாளரோடு கலந்தாலோசித்தார். நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்று ஏகமனதாக முடிவாயிற்று.