என் கடைக்குக் கொரோனா மெஸ் என்று பெயர் வந்த கதை

எனக்கு வயது எழுபத்து நான்கு. வளர்த்தது ஏழு பேரை. நான்கு நான் பெற்றது, மூன்று என் அக்காள் விட்டுப்போனது. ஏழில் ஐந்து என் பேச்சைக் கேட்கும். மற்ற இரண்டும் அரசாங்க வேலையில் இருக்கின்றன.

துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தில், முப்பத்தைந்து வருடமாகச் சோற்றுக்கடை வைத்திருக்கிறேன். மத்தியானம் மட்டும்தான். சோறு, மீன் குழம்பு, ரசம், ஒரு கூட்டு. பெயர்ப்பலகை கிடையாது. பசித்தவன் பலகையைத் தேடுவதில்லை, குழம்பு வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவான்.

போன மாதம் ஒரு புது டிரைவர் போனைப் பார்த்துக்கொண்டே வாசலில் வந்து நின்றான். "ஆச்சி, கொரோனா மெஸ்ஸுங்கது இதுதானா?" என்று கேட்டான். போனில் வருகிற மேப்பில் எந்தப் புண்ணியவானோ என் கடைக்கு அப்படிப் பெயர் போட்டு வைத்திருக்கிறான். கொரோனாவே போய் இத்தனை வருடம் ஆகிவிட்டது, பெயர் மட்டும் என் வாசலில் படுத்துக் கிடக்கிறது. பேத்தி சொன்னாள், "அதுக்குக் கீழ நாம பதில் போடலாம் ஆச்சி. ரெண்டு வரி சொல்லுங்க." ரெண்டு வரியில் அடங்குகிற விஷயமா இது? எனக்குக் கையெழுத்துப் போடவும் பஸ்ஸில் ஊர்ப் பெயர் வாசிக்கவும் தெரியும். அதனால் நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள்.

ஊரடங்கில் முதலில் கடை மூடிக் கிடந்தது. பிறகு பார்சல் மட்டும் கொடுக்கலாம் என்றார்கள். அதற்கும் பிறகு உட்கார்ந்து சாப்பிடலாம், ஆனால் விதிமுறை உண்டு என்று இரண்டு பக்கமும் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். பேத்தி அதை வாசிக்க வாசிக்க நான் வெங்காயம் உரித்துக்கொண்டே பதில் சொன்னேன். பரிமாறுகிறவர் ஆறடி தள்ளி நிற்க வேண்டுமாம். ஆறடிக்குக் கரண்டி எந்தக் கடையில் விற்கிறது? கைக்கு உறை போட வேண்டுமாம். போட்டேன். கொதிக்கிற சட்டியைப் பிடித்ததும் உறை சட்டியோடு ஒட்டிக்கொண்டது, கை மட்டும் திரும்பி வந்தது. வாசனையும் ருசியும் தெரியாதவர்களை உள்ளே விடக் கூடாதாம். அப்படியானால் என் சின்ன மருமகனை இருபது வருடம் முன்னாலேயே வாசலில் நிறுத்தியிருக்க வேண்டும்.

நாலு பேர் உட்காருகிற பெஞ்சில் இனி ரெண்டு பேர்தான் என்றார்கள். நடுவில் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி ஒட்டினோம். உப்பு மூட்டை சுமக்கிற ஒருவன் அதன் மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போனான். டேப்பும் அவன் லுங்கியோடு போய்விட்டது. சாயங்காலம் வரைக்கும் பின்னால் பெருக்கல் குறியோடு மூட்டை சுமந்திருக்கிறான். ஒருத்தரும் சொல்லவில்லை.

இந்தத் தாளில் இருப்பதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஓர் அதிகாரி வருவார். சின்ன வயசு, ஒல்லி, முகக்கவசத்துக்கு மேலே மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருக்கும். என்னைத் தேடித்தான் வருவார், பாதி நேரம் என் அண்டாவைப் பார்த்து வணக்கம் சொல்வார். ஒருநாள் குழம்பை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாக அப்போது வந்தார்.

"ஆச்சி, மாஸ்க் எங்க?"

"தாடைல இருக்கு சார்."

"தாடைக்கா கொரோனா வருது?"

"உப்பு பாக்கணும்லா சார். மாஸ்க்குக்கு உப்பு தெரியுமா?"

"கைல ஊத்தி நக்குதிய. இதத்தான் கூடாதுன்னு தாள்ல போட்டிருக்கு. இன்னொருக்க பாத்தேன், கடையப் பூட்டிருவேன், சொல்லிட்டேன்."

அந்தக் கடையில்தான் ஏழு பேருக்கும் சோறு போட்டேன், கல்யாணம் கட்டிவைத்தேன். பூட்டு என்றதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. மறுநாளிலிருந்து அடுப்பு முன்னால் முகக்கவசத்தை இறக்கவே இல்லை. வாசனையும் தெரியாது, ருசியும் பார்க்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு கோலம் போடுகிற மாதிரித்தான் சமைத்தேன். ஒரு வாரம் கை தானாக அளவு போட்டது.

அதற்கடுத்த நாள் மாங்காய் போட்ட சாளை மீன் குழம்பு. காலையிலேயே டேப் ஒட்டுகிற வேலை, வருகிறவன் நெற்றியில் எல்லாம் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியைப் பிடித்துக் காய்ச்சல் பார்க்கிற வேலை. முதல் பந்தி உட்கார்ந்தது. மூட்டைக்காரன் ஒரு கவளம் வைத்தான், அப்படியே என்னைப் பார்த்தான்.

"ஆச்சி, பொழுதன்னைக்கும் உப்பு சுமக்கோம். எங்களுக்கே உப்பில்லாத குழம்பா?"

பக்கத்தில் இருந்த டிரைவர் விடவில்லை. "ஏலே, ஆச்சிக்கு நம்ம பிரஷர் மேல கவல. பத்தியம் போடுதாவ."

"ஆஸ்பத்திரிக்குப் போனா ஃப்ரீயா போடுவான்லா இந்தக் குழம்ப" என்றான் இன்னொருவன்.

உள்ளே ஓடி முகக்கவசத்தை இறக்கி ஒரு சொட்டு பார்த்தேன். மாங்காய் புளிக்கிறது, மிளகாய் உறைக்கிறது, உப்பு என்பது பேருக்குக்கூட இல்லை. ஊரைச் சுற்றி உப்பு விளைகிறது, முப்பது வருடம் சமைத்தவள் போட மறந்திருக்கிறேன். ஒரு கை உப்பை அள்ளித் தண்ணீரில் கரைத்தேன். அதற்குள் அந்த அதிகாரியின் பைக் சத்தம் கேட்டது. கரைத்த உப்பை ஊற்றாமல் அப்படியே வைத்துவிட்டு முகக்கவசத்தை ஏற்றினேன்.

வந்தவர் எல்லாவற்றையும் பார்த்தார். பெஞ்சு சரி, டேப் சரி, என் முகம் சரி. காய்ச்சல் கருவியை எல்லார் நெற்றியிலும் வைத்தார், தன் நெற்றியிலும் வைத்தார். ஒருத்தருக்கும் சூடில்லை. மனம் குளிர்ந்துபோய், "ஆச்சி, இன்னைக்கு இங்கனயே சாப்பிடுதேன்" என்று உட்கார்ந்தார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஊற்றினேன். பந்தி முழுவதும் கையை இலையில் வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தது.

சாப்பிட்டார். "பிரமாதம் ஆச்சி. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

மூட்டைக்காரனுக்குப் புரையேறிவிட்டது. மரியாதைக்காகச் சொல்கிறார் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் மரியாதைக்கு ஒரு கரண்டி வாங்குவார்களே தவிர இரண்டாவது கரண்டி யாரும் வாங்க மாட்டார்கள். அப்போதுதான் தாளின் பின்பக்கத்தில் ருசி தெரியாதவர்களைப் பற்றிப் பேத்தி வாசித்தது நினைவுக்கு வந்தது.

சொன்னால் கடையைப் பூட்டுவார்கள். பூட்டியபின் எவன் வருவான்? சொல்லாவிட்டால் இவர் எழுந்து அடுத்த கடைக்குப் போவார், சாயங்காலம் வீட்டுக்குப் போவார். அவர் அந்த இரண்டாவது சோற்றையும் தின்று முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. அதையும் எழுதிவிடு என்று பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன்.

"சார், குழம்புல உப்பில்ல."

"எனக்குச் சரியாத்தான் இருக்கு ஆச்சி."

"அதத்தான் சொல்லுதேன்."

உப்பு ஜாடியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டார். பிறகு நாலைந்து கல். கல்கண்டு மெல்கிற மாதிரி மென்றார். அதுவரை கேலி பேசிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன்கூடச் சிரிக்கவில்லை. அவர் முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு விறுவிறு என்று வெளியே போய் ரோட்டோரம் நின்றார். அங்கிருந்தே சொன்னார், "ஆச்சி, வீட்ல அம்மா இருக்காவ. சுகர் வேற."

"அப்ப வீட்டுக்குப் போவாதிய. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"உங்க கடைய..."

"பூட்டுங்க" என்றேன். பெரிய தர்மவதி மாதிரிச் சொல்லிவிட்டேன். மனசுக்குள் வீணாகப் போகிற மீனுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வாசலில் தகரம் அடித்து மூட ஆள் வருவதற்குள் பந்தியில் இருந்தவர்களை நிற்கவைத்து ஒரு சத்தியம் வாங்கினேன். "உப்பு விஷயம் வெளிய போச்சு, பொறவு எவனுக்கும் மீன்ல நடுத்துண்டு கிடையாது. ஆயுசுக்கும் வால்தான்." அவ்வளவுதான். பெண்டாட்டியிடம்கூட ஒருவனும் சொல்லவில்லை.

பதினான்கு நாள் கடையில் தகரம். எங்கள் எல்லார் மூக்கிலும் குச்சி விட்டார்கள், ஒருவருக்கும் இல்லை. அதிகாரிக்கு இருந்தது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்துவிட்டார், அவர் அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளியூருக்கு மாற்றலாகிப் போகும்போது போன் செய்தார். ஆனால் கடை திறந்த அன்று எதிர்க்கடைக்காரி லாரி லாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், "அங்கன சாப்பிட்ட ஆபீசருக்கே கொரோனா வந்துட்டு!"

நான் ஒரே வரியில் அவள் வாயை அடைத்திருக்கலாம். அவர் வரும்போதே கொண்டுவந்தார், என் குழம்பில் உப்பில்லாதது அவருக்குத் தெரியவில்லை, அதனால்தான் கண்டுபிடித்தேன் என்று. அதைச் சொன்னால் உப்பு மறந்தவள் என்று ஆகிவிடும். கொரோனா யாருக்கும் வரும். உப்பு மறப்பது சமைக்கத் தெரியாதவளுக்குத்தான் வரும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பாதி டிரைவர்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். அந்தக் குழம்பைத் தின்பதே அவர்களுக்குத் தண்டனை என்று இருந்துவிட்டேன்.

இப்போது மேப்பிலேயே ஏறிவிட்டது. நான் போனபின் என் பிள்ளைகள் இந்தக் கடையை நடத்த வேண்டும். என் கைக்கு வருகிற கெட்ட பெயர் என்னோடு போகட்டும். கடைக்கு வந்த கெட்ட பெயரைத்தான் இங்கே விட்டுவிட்டுப் போக முடியாது.

"ஏளா, எழுதுனது போதும், வாசி. மொதல்ல இருந்து வேண்டாம், குழம்பு வார எடத்துல இருந்து வாசி... நில்லு. 'உப்பு கொஞ்சம் குறைவாக இருந்தது'ன்னா போட்டிருக்க? யாரக் காப்பாத்துத நீ? அத அடி. போடவே இல்லன்னு எழுது. எழுதிட்டு, திரும்ப வாசி."