குசான அரசனும் யோகம் அக்காவின் கோட்டும்

யோகம் அக்கா போய்விட்டார் என்று அவருடைய மகள் மயூரி தொலைபேசியில் சொன்னபோது, நான் லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஒரு கடைக்குள் முருங்கைக்காய் பார்த்துக்கொண்டு நின்றேன். கையில் இருந்ததை வைத்துவிட்டு வெளியே வந்து, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நடைபாதையில் நின்றேன். அதன் பிறகு நான் செய்த முதல் வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அக்காவைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய குசானர்களையும் தெரிந்திருக்கும். தப்பியிருக்க வழியில்லை. ஆர்ஜொந்தெய் நகரத்துப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் ஒன்றில் வரலாறு படிப்பித்தவர். முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தது குசானப் பேரரசைப் பற்றி. எங்கள் மாதர் வட்டக் கூட்டத்தில் யாராவது சோழரைப் புகழத் தொடங்கினால் போதும், அக்கா குசானரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். சீனத்து எல்லைப் புல்வெளியில் குதிரையும் ஆடுமாய்த் திரிந்த கூட்டம் அடிபட்டுத் துரத்தப்பட்டு மேற்கே வந்தது, ஆமு நதிப் பக்கம் ஐந்து குழுக்களாய் ஒதுங்கியது, அதில் ஒரு குழு மற்ற நான்கையும் அடக்கிக் கங்கைச் சமவெளிவரை ஆண்டது. இதை எத்தனை தரம் கேட்டிருப்போம்! ஒருமுறை, மனைவியோடு வந்திருந்த ஒரு அண்ணை எழுந்து, நாங்கள் நாடோடிகள் இல்லை, ஆண்ட இனம் என்று கோபித்துக்கொண்டார்.

"அவையும் ஆண்டவைதானே அண்ணை," என்றார் அக்கா. "ஆனால் ஓடி வந்ததை மறக்கேல்லை."

ஒரு தைப்பொங்கல் விழா. மண்டப வாசலில் எல்லோரும் சேர்ந்து படம் எடுக்க நின்றோம். நல்ல குளிர். படம் என்றதும் நாங்கள் வழக்கம்போலக் கோட்டுகளைக் கழற்றிக் கதிரையில் குவித்துவிட்டுச் சேலையைச் சரிசெய்தோம். அக்கா மட்டும் முழங்கால்வரை தொங்கும் சாம்பல் நிறக் கோட்டோடும் காலில் தடித்த சப்பாத்தோடும் நடுவில் நின்றார். சேலை தெரியவில்லையே என்று நானே அவருடைய பொத்தானைக் கழற்றப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"கங்கைக்கரை வெக்கையிலையும் குசான ராசா கோட்டும் சப்பாத்தும் போட்டுக்கொண்டுதான் தன்ரை தங்கக் காசிலை நிக்கிறான். எங்கையிருந்து வந்தனெண்டு அவன் ஒளிக்கேல்லை. ஓடி வந்து இந்தக் குளிருக்கை இருக்கிறதை நான் ஏன் ஒளிக்கவேணும்?"

அன்று எல்லோரும் சிரித்தோம்.

கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கு என்னிடம் இருந்தது அந்தப் படம்தான். அச்சுக்கடைக்குக் கொண்டுபோனேன். செத்தவர்களுக்கு உடுத்திவிட அங்கே கணினியில் உடம்புகள் ஆயத்தமாக இருக்கும்: ஆண்களுக்குக் கழுத்துப்பட்டி, பெண்களுக்குப் பட்டுச்சேலை. அக்காவின் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து மயில்நீலப் பட்டில் வைக்கச் சொன்னேன். பின்னால் ஒரு கோபுரமும் வைத்தார்கள். நான் வேண்டாமென்று சொல்லவில்லை. அது மரியாதை என்று முழுமனதாக நம்பினேன். கடைக் கண்ணாடிகளில் அதை ஒட்டியதும் கண்டவர்கள் எல்லாம் நல்ல வடிவு என்றார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இறுதிக் கிரியை நாளில் மயூரி, அங்கேயும் ஒட்டியிருந்த அந்தப் படத்துக்கு முன்னால் கனநேரம் நின்றாள். நாங்கள் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும் பிள்ளை அவள். அன்று தமிழிலேயே கேட்டாள்.

"அன்ரி, இவ ஆர்?"

படத்திலிருந்த முகத்தைக் காட்டினேன்.

"அம்மான்ரை கோட் எங்கை?"

மறுநாள் கடை கடையாகப் போய்ச் சுவரொட்டிகளைக் கழற்றினேன். படத்தில் பிழையா என்று கடைக்காரத் தம்பி கேட்டார். பிழை என்னுடையது என்றேன். அவருக்கு விளங்கியிருக்காது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிடும் நினைவு மலரில் பொங்கல் படம் வெட்டாமல் முழுதாக வரும். மயூரியிடம் கேட்டு, படத்துக்குக் கீழே அக்காவின் பெயரோடு குசானர் என்ற பெயரையும் போட்டிருக்கிறேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் படம். நடுவில் கோட்டும் சப்பாத்துமாக அவர் நிமிர்ந்து நிற்கிறார். பக்கத்தில் நான், கோட்டைக் கழற்றிவிட்டு, குளிரில் நடுங்கிக்கொண்டு, குளிராதவள் மாதிரிச் சிரிக்கிறேன்.