கார்த்திகைக் கிழங்குக் குளிசை

காலையில் எழும்பிக் காலை ஊன்றியபோதுதான் தெரிந்தது. வலது பெருவிரல் சிவந்து வீங்கி மினுங்கியது. போர்வை பட்டாலே உயிர் போனது. லிபெர்த்தாத் தெருவில் படுக்கையில் கிடந்த சிஞ்ஞோராவை (வீட்டுக்கார மூதாட்டியை) தூக்கி இருத்துவதுதான் என் வேலை. அது போனால் பெர்மெஸ்ஸோ (வதிவிட அனுமதி) புதுப்பிக்க முடியாது. கொழும்பில் காத்திருந்த மனைவி ஜெசியைக் கூப்பிடவும் முடியாது. சனியன், நேரம் பார்த்து வந்தது.

டொக்டர் அம்மா இரத்தம் பார்த்துவிட்டு, கவுட் (யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வாதம்) என்றார். கொல்கிசின் (அந்த வீக்கத்தைத் தணிக்கும் குளிசை) எழுதினார். எதில் செய்வது என்று சும்மாதான் கேட்டேன்.

"ஆப்பிரிக்கக் காடுகளில் படரும் ஒரு கொடியிலும் இந்த மருந்து இருக்கிறது" என்று படம் காட்டினார்.

நெருப்பாய்ச் சுருண்ட இதழ்கள். ஐயோ, எங்கள் கார்த்திகைப் பூ! இடம்பெயர்ந்து காட்டோரம் பசியோடு இருந்த நாளில், ஜெசியின் தம்பி வள்ளிக்கிழங்கென்று நினைத்துத் தின்று செத்தது இதன் கிழங்கைத்தான்.

"வயிற்றோட்டம் தொடங்கினால் உடனே நிறுத்திவிட்டு வாருங்கள்" என்றார் டொக்டர்.

கபோச் சந்தை டெலிபோன் கடையிலிருந்து ஜெசிக்கு எடுத்தேன்.

"உங்களுக்கென்ன விசரே? தம்பியின்ரை உயிரை எடுத்த சாமானை வாயிலை வைப்பியளோ?"

"அளவாக் குடிச்சா ஒண்டும் செய்யாதாம்."

"வேண்டாமப்பா. மாதா மேலை சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினேன். பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்கும் போனேன். நான் நொண்டுவதைப் பார்த்த சிஞ்ஞோராவின் மகள், அடுத்த கிழமையும் இப்படியென்றால் வேறு ஆள் தேடவேண்டும் என்றாள்.

ஞாயிறு, அறைப் பெடியள் எல்லோரும் பூசைக்குப் போனார்கள். ஏதும் நடந்தால் அவர்கள் அலையக் கூடாதென்று கடவுச்சீட்டையும் பெர்மெஸ்ஸோவையும் மேசையில் வைத்தேன். கதவைப் பூட்டவில்லை. டொக்டர் சொன்ன அளவில் குளிசையை விழுங்கினேன். பக்கத்தில் ஒரு ஆள் இருந்திருந்தால் அழுதிருப்பேன். ஒருவரும் இல்லாததால் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

வயிறு கொஞ்சம் பிரட்டியது, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை சப்பாத்துப் போட முடிந்தது.

உங்களுக்கும் இந்த நோய் என்றால் ஒன்று சொல்வேன்: குளிசை வேறு, கிழங்கு வேறு. கிழங்கைக் கிட்டவும் எடுக்காதீர்கள். குளிசையிலும் டொக்டர் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள்.

அந்தக் கிழமையே ஜெசி கேட்டாள்.

"கால் எப்பிடி?"

"மாறீற்றுது."

"பாத்தியளே! நான் மாதாவுக்கு நேர்ந்தனான்."

"ஓம்" என்றேன்.

இப்போது அவள் என்னோடுதான் இருக்கிறாள். விடிந்ததும், எழும்ப முதல், விரலை மெல்ல அசைத்துப் பார்க்கிறேன். அன்றைய நாள் எனக்கு உண்டா என்று அதுதான் சொல்லும். பக்கத்தில் அவள் தூங்குகிறாள். குளிசைப் பெட்டி சிஞ்ஞோரா வீட்டு அலுமாரியில் இருக்கிறது.